சென்னையைக் காலால் பார்த்தோம்

"ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்" என்று ஒருவனைப் பரிகாசம் செய்வது தமிழ்நாட்டில் வழக்கம். இந்தப் பரிகாசத்துக்குப் பிறப்பிடம் எங்கள் ஊர்தான். திருமுதுகுன்றம் என்று பழம் பெயர் கொண்ட விருத்தாசலத்துக்கு வந்த சுந்தரமூர்த்தி நாயனார், இறைவனிடம் 12,000 பொன் பெற்றார். அதை மணிமுத்தாற்றிலே போட்டார். பிறகு திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் அதைத் தேடி எடுத்தார் என்பது பெரிய புராணம் கூறும் வரலாறு. அவருடன் குளக்கரைக்கு வந்த பரவை நாச்சியார் புன்சிரிப்புச் சிரித்தாராம். கணவன் வார்த்தையை நம்பி அவ்வளவு தூரம் நடந்து வந்த மனைவி சிரிக்காமல் வேறு என்ன செய்வாள்?

இந்தக் கதையைப் பள்ளிக்கூடத்தில் 20 வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லி வருகிறேன். ஆனால் அதன் தாத்பரியம் எனக்கு விளங்கியது சென்ற டிசம்பர் மாதத்தில், சென்னைப் பட்டணத்து நடைபாதையில்தான். அதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

புறப்பட்ட காரணம்

எங்களுக்கு ஒரே பெண். கல்லூரிப் படிப்பை முடித்த கையோடு சென்னை அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. பொங்கல் கழித்து வந்து சேரும்படி உத்தரவு. தங்குவதற்குத் திருவல்லிக்கேணியில் ஒரு பெண்கள் விடுதியும் ஏற்பாடாயிற்று. நான் உடனே சம்மதம் கொடுத்துவிட்டேன். பெண் பெட்டியில் துணிகளை அடுக்கத் தொடங்கினாள். வீட்டில் மூன்றாவது அபிப்பிராயம் ஒன்று இருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான் எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது.

"போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை" என்றாள் என் மனைவி. "அவள் தினந்தோறும் நடக்கப் போகிற தெருவை நான் ஒரு தடவை நடந்து பார்க்க வேண்டும். அவ்வளவுதான்."

"நீதான் நாலு தடவை சென்னைக்குப் போயிருக்கிறாயே?"

"போயிருக்கிறேன். ரயிலை விட்டு இறங்கினால் ஆட்டோ. ஆட்டோவை விட்டு இறங்கினால் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் கல்யாண மண்டபம். நான் பார்த்த சென்னை ஆட்டோக்காரருடைய முதுகுதான்."

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்டார்கள். பாட்டியையும் பெண்ணையும் வீட்டில் விட்டுவிட்டு டிசம்பர் 24-ஆம் தேதி நாங்கள் இருவர் மட்டும் வைகை எக்ஸ்பிரஸில் ஏறினோம். பட்டணத்து எல்லைக்குள் எந்த வாகனத்திலும் ஏறுவதில்லை என்று சங்கல்பம் செய்துகொண்டோம். கல்யாணமாகி 22 வருஷத்தில், விசேஷம் எதுவும் இல்லாமல், நோயாளி ஒருவரும் இல்லாமல், நாங்கள் இருவர் மட்டும் புறப்பட்ட முதல் பிரயாணம் இதுதான்.

நாலடி பின்னால்

பிற்பகலில் எழும்பூரில் இறங்கினோம். 1908-ல் திறக்கப்பட்ட சிவப்பு நிற ஸ்டேஷன் கட்டடத்தைப் பார்த்தபடி வெளியே வந்தோம். ஆளுக்கொரு பை. "எங்கே சார், எங்கே சார்?" என்று சூழ்ந்துகொண்ட ஆட்டோக்காரர்களிடம், "நடந்து போகிறோம்" என்றதும், அவர்கள் எங்களைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை, அநுதாபம்தான் இருந்தது.

மார்கழி மாதத்தில் சென்னை வெயில் சற்று மரியாதையாக நடந்து கொள்கிறது. நான் உற்சாகமாக விஷயங்களைச் சொல்லிக்கொண்டே போனேன். 1851-ல் தோன்றிய அரசாங்க அருங்காட்சியகத்தைப் பற்றியும், அதே வளாகத்தில் 1896-ல் திறந்த கன்னிமாரா நூல்நிலையத்தைப் பற்றியும் விஸ்தாரமாக எடுத்துரைத்துவிட்டு, "என்ன, கேட்டாயா?" என்று பக்கத்தில் திரும்பினேன். பக்கத்தில் ஒரு விளக்குக் கம்பம் நின்றது. மனைவி நாலடி பின்னால் வந்து கொண்டிருந்தாள்.

"ஏன் பின்னாலேயே வருகிறாய்?"

"நான் எங்கே பின்னால் வருகிறேன்? நீங்கள்தான் முன்னால் போகிறீர்கள். 22 வருஷமாக" என்றாள்.

அவள் கோபித்துக்கொண்டு சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொன்னாள். அதனால்தான் சுருக்கென்றது. கோயிலுக்கும் கடைத்தெருவுக்கும் நாங்கள் போகிற காட்சியை நினைத்துப் பார்த்தேன். முன்னால் நான், நாலடி பின்னால் அவள். எங்கள் ஊரில் பெரும்பாலான தம்பதிகள் அப்படித்தான் போகிறார்கள். பேச்சு எப்படி நடக்கும்? என் முதுகும் அவள் முகமும் பேசிக்கொண்டால் உண்டு.

உடனே நான் நடையைத் தளர்த்தி அவளோடு சேர்ந்து நடக்க முயன்றேன். அப்போதுதான் இரண்டாவது சங்கடம் தெரிந்தது. அந்த நடைபாதையில் இருவர் சேர்ந்து நடக்க இடம் இல்லை! ஓரிடத்தில் மரம்; அடுத்து ஒரு மின்சாரப் பெட்டி; அதற்கப்பால் மோட்டார் சைக்கிள்களின் அணிவகுப்பு; பிறகு ஒரு கடையின் சாமான்கள்; அதற்குப் பிறகு நடைபாதையே இல்லை. நடைபாதையில் நடப்பவருக்கு இடையூறில்லாத அகலம் குறைந்த பட்சம் 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்னும் நிபுணர் சபை விதித்திருக்கிறது. சக்கர நாற்காலிகள் இரண்டு ஒன்றையொன்று தாண்டிப் போகும் அளவு அது. இரண்டு மனிதர்கள் சேர்ந்து பேசிக்கொண்டு நடக்கும் அளவும் அதுதான். நடப்பவர்களையும் சைக்கிளில் போகிறவர்களையும் முன்வைத்து ஒரு கொள்கையை 2014-ல் வகுத்தது சென்னை மாநகராட்சி. இந்திய நகரங்களில் இவ்விஷயத்தில் அதுவே முன்னோடி. சில சாலைகளில் அதன் பலனைக் கண்ணால் கண்டோம். மற்றச் சாலைகளில் கொள்கை இன்னும் நடந்து வந்து கொண்டிருக்கிறது. அதற்கும் நடைபாதை சரியாக இல்லை போலும்!

பாரதியார் வீட்டில்

கூவத்தைப் பாலத்தில் கடந்து, அண்ணா சாலையையும் குறுக்கே கடந்து, திருவல்லிக்கேணியை அடையும்போது விளக்கு வைத்துவிட்டார்கள். பார்த்தசாரதி கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு சாதாரண விடுதியில் இடம் பிடித்தோம்.

மறுநாள் காலையில் முதலாவதாகத் துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவிலுள்ள பாரதியார் இல்லத்துக்குப் போனோம். கவிஞர் தமது கடைசி நாட்களைக் கழித்து, 1921 செப்டம்பரில் கண்ணை மூடிய வீடு. இப்போது அரசாங்கத்தின் பாதுகாப்பில் நினைவில்லமாக இருக்கிறது. சுவரில் மாட்டியிருந்த படங்களில், பாரதியாரும் செல்லம்மாளும் சேர்ந்து இருக்கும் படத்துக்கு முன்னால் என் மனைவி வெகு நேரம் நின்றாள்.

நான் ஒரு சம்பவத்தை அவளுக்குச் சொன்னேன். 1905-ஆம் வருஷம், இதே டிசம்பர் மாதத்தில், காசியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. அதற்குச் சென்ற பாரதியார் திரும்பும் வழியில் கல்கத்தாவில் சகோதரி நிவேதிதையைச் சந்தித்தார். "உம்முடைய மனைவியை ஏன் அழைத்து வரவில்லை?" என்பதுபோல அந்த அம்மையார் கேட்டார். மனைவியை இப்படியெல்லாம் கூட்டங்களுக்கு அழைத்து வருவது எங்களில் வழக்கமில்லை என்று பாரதியார் ஏதோ சமாதானம் சொன்னார். ஜனத்தொகையில் பாதியை வீட்டில் அடைத்துவிட்டு மற்றப் பாதிக்கு மட்டும் எப்படி விடுதலை வாங்கித் தருவீர்கள் என்னும் கருத்துப்பட அம்மையார் கடிந்துகொண்டார். பாரதியார் அதை மறக்கவில்லை. அவரைத் தம் குரு என்று போற்றி நூல்களைச் சமர்ப்பணம் செய்ததோடு நில்லாமல், பின்னாளில் செல்லம்மாளோடு தெருவில் கைகோத்து நடந்தார். அக்கிரகாரம் சிரித்தது, அவர் பொருட்படுத்தவில்லை.

சொல்லிக்கொண்டே வந்தவன் நடுவில் நிறுத்திவிட்டேன். இந்தச் சம்பவத்தையும் எத்தனையோ தடவை வகுப்பில் சொன்னவன் நான். பாரதி விழாவில் இதைப் பற்றிப் பிரசங்கம் செய்து கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அந்தப் பிரசங்கம் முடிந்து வீடு திரும்புகையில் என் மனைவி எத்தனை அடி பின்னால் வந்தாள் என்று மட்டும் கவனித்ததில்லை.

அவள் ஒன்றும் சொல்லவில்லை. வாசற்படி இறங்கும்போது, "மாவரைக்கவும் தண்ணீர் பிடிக்கவும் செல்லம்மாளுக்கு யார் ஒத்தாசை செய்தார்களோ?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் படத்தின் கீழ் விவரம் எழுதவில்லை.

கோட்டையும் கறுப்பர் பட்டணமும்

அங்கிருந்து கடற்கரைக்குப் போய் வடக்கே நடந்தோம். கவர்னர் கிராண்ட் டப் காலத்தில், 1880-களில், உலாவும் சாலையாக அமைக்கப்பட்டு மெரீனா என்று பெயர் பெற்ற கடற்கரை இது. 1907-ல் விபின சந்திர பாலர் சென்னைக்கு வந்து சுயராஜ்யத்தைப் பற்றி முழங்கியதும், சுதேசிக் கூட்டங்கள் நடந்ததும், திலகர் பெயரால் ஒரு திடல் உண்டானதும் இந்த மணலில்தான். 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகத் தொண்டர்கள் தடியடி பட்டதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான்.

அந்த 1930-ஐ நினைக்கும்போது ஒரு விஷயம் தோன்றிற்று. மகாத்மா சபர்மதியிலிருந்து தண்டிக்கு ரயிலில் போயிருக்கலாம். 24 நாள் நடந்து போனார். ராஜாஜி திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு நடந்து போனார். ஏன்? நடந்து போகிறவரோடு ஜனங்கள் பேசலாம், கூடச் சேர்ந்துகொள்ளலாம், தண்ணீர் கொடுக்கலாம். ரயிலில் போகிறவரைப் பார்த்துக் கை ஆட்டத்தான் முடியும்.

1869-ல் கட்டிய நேப்பியர் பாலத்தைத் தாண்டினால் செயின்ட் ஜார்ஜ் கோட்டை. 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மணல் திட்டில் கொஞ்சம் இடம் வாங்கிக் கட்ட ஆரம்பித்தது. இன்று நமது சட்டசபையும் தலைமைச் செயலகமும் அதற்குள்ளே இருக்கின்றன. கோட்டை அருங்காட்சியகத்தில், 1947 ஆகஸ்டு 15-ல் அந்தக் கோட்டையின் மேல் ஏறிய தேசியக் கொடியைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். பட்டுத் துணி, நிறம் சற்று மங்கியிருக்கிறது. வாள்களையும் பீரங்கிகளையும் வெள்ளைக்காரப் பிரபுக்களின் படங்களையும் பார்த்துக்கொண்டு வந்த ஜனங்கள் அந்தக் கொடிக்கு முன்னால் வந்ததும் தாமாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

கோட்டைக்குள் வெள்ளையர், வெளியே நம்மவர் என்று அந்தக் காலத்தில் பிரித்திருந்தார்கள். வெளியே இருந்த பகுதிக்குப் பெயரே கறுப்பர் பட்டணம். பிரெஞ்சுக்காரர்கள் 1746-ல் கோட்டையைப் பிடித்து மூன்று வருஷம் வைத்திருந்தார்கள். அதைத் திரும்பப் பெற்ற பிறகு, எதிரி ஒளிந்திருந்து சுட வசதியாகக் கோட்டைக்கு அருகில் வீடுகள் இருக்கக் கூடாது என்று ஆங்கிலேயர்கள் அந்தப் பட்டணத்தை இடித்து வெட்ட வெளியாக்கினார்கள். அந்த நிலத்தில்தான் 1892-ல் திறந்த உயர் நீதிமன்றம் நிற்கிறது. வடக்கே தள்ளப்பட்ட ஊர் பிற்காலத்தில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரால் ஜார்ஜ் டவுன் ஆயிற்று. காரில் போனால் இந்த மூன்றும் மூன்று நிமிஷத்தில் கடந்துவிடும். நடந்து போனால்தான், கோட்டைச் சுவருக்கும் முதல் கடைத்தெருவுக்கும் நடுவே அவ்வளவு வெற்றிடம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

ஜார்ஜ் டவுனில் தெருவுக்கு ஒரு தொழில். அண்டர்சன் தெருவில் காகிதமும் கல்யாணப் பத்திரிகையும். தேவராஜ முதலி தெருவில் கண்ணாடியும் அலங்காரச் சாமானும். தம்புச் செட்டித் தெருவில் காளிகாம்பாள் கோயில். சுதேசமித்திரனில் வேலை பார்த்த காலத்தில் பாரதியார் வழிபட்ட சந்நிதி; 1677-ல் சத்ரபதி சிவாஜி வந்து வணங்கினார் என்றும் சொல்கிறார்கள். இங்கெல்லாம் என் மனைவி முன்னால் போனாள். நான் பின்னால் போனேன். கடைத்தெருவில் வழி தெரிந்தவர் யாரோ அவரே தலைவர் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்று விளக்குகள்

வந்த காரியத்தை அவள் மறக்கவில்லை. அன்று இரவு 8 மணிக்கு ஒரு தடவையும் 9 மணிக்கு ஒரு தடவையும், பெண்ணின் அலுவலக வாசலிலிருந்து விடுதி வாசல் வரையில் நடந்தோம். நிதானமாக நடந்தால் 20 நிமிஷம். அவள் கையில் ஒரு சிறு நோட்டுப் புத்தகம். எரியாத விளக்கு மூன்று; சாலையைக் கடக்கும் இடம் இரண்டு, அவற்றில் ஒன்றில் சிக்னல் இல்லை; இரவு வெகு நேரம் திறந்திருக்கும் மருந்துக் கடை ஒன்று; நாய்கள் கூடும் சந்து ஒன்று. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டாள். நான் பரீட்சைக் கண்காணிப்புக்குப் போனாலும் இவ்வளவு கவனமாக இருந்ததில்லை.

தெருத் திருப்பத்தில் ஓர் அம்மாள் நடைபாதை ஓரமாக இட்டிலிக் கடை போட்டிருந்தாள். நடைபாதையில் கடை போடக் கூடாது என்பது பகல் முழுவதும் என்னுடைய திடமான அபிப்பிராயம். பசி வந்தபடியால் அதைச் சற்று ஒத்தி வைத்தேன். சாப்பிட்டுக்கொண்டே என் மனைவி கேட்டாள்: "ராத்திரி வேளையில் இந்தத் தெருவில் பெண் பிள்ளைகள் தனியாக நடக்கிறார்களா, அம்மா?"

"தெனம் நடக்குதுங்களே! வேலைக்குப் போற பொண்ணுங்க எத்தினி பேரு! பத்தரை மணி வரைக்கும் நான் இங்கதான் குந்தினு இருக்கேன். எனக்குத் தெரியாம இந்தத் தெருவுல எவன் வாலாட்டுவான்? நான் கடையக் கட்டினு போனப்புறம்தான் தெரு இருட்டாப் பூடும்" என்றாள் அந்த அம்மாள்.

அவள் சொன்னது எனக்குப் புதிய பாடமாக இருந்தது. இடத்தை அடைக்கிறாள் என்று நான் நினைத்த பேர்வழி அந்தத் தெருவுக்கே காவலாக அல்லவா இருக்கிறாள்! தெரு வியாபாரிகளைப் பாதுகாக்கப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியதும் நான் முன்னே சொன்ன நடைபாதைக் கொள்கை பிறந்ததும் ஒரே வருஷம், 2014. இரண்டுக்கும் இடம் விட்டு அளந்து கோடு போடுவதுதான் சாமர்த்தியம். ஒன்றை விரட்டி மற்றொன்றை வாழ வைக்க முடியாது.

அதே திருப்பத்தில் ஒரு மின்சாரப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஓர் ஊழியர் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். என் மனைவி சட்டென்று நின்றாள். உள்ளே வெள்ளை வெளேரென்று பியூஸ் போடும் பீங்கான் கட்டைகள் வரிசையாக இருந்தன. "நம் ஊர்ச் சரக்காக இருக்குமோ?" என்றாள். இருந்தாலும் இருக்கும். விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் பொம்மையும் அகல் விளக்கும் போலவே மின்சாரச் சாமான்களும் செய்கிறார்கள். என் மாமனார் அங்கே சூளை பார்த்தவர். வெண்களிமண்ணைக் கல் பொடியோடு சேர்த்து அரைத்து, அச்சில் இட்டு, நிழலில் உலர்த்தி, மெருகுக் குழம்பில் தோய்த்து, ஆயிரம் டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில் வேக வைத்து எடுக்கும் வித்தையைப் பார்த்து வளர்ந்தவள் அவள். அந்தப் பெட்டிக்கு முன்னால் சொந்தக்காரரைக் கண்டவள்போல் நின்றாள்.

டிசம்பர் 26

மறுநாள் விடியற்காலையில் மயிலாப்பூருக்குப் போவதற்காகக் கடற்கரை வழியே தெற்கே நடந்தோம். உழைப்பாளர் சிலையையும் காந்தி சிலையையும் வணங்கிக் கடந்தோம். இரண்டும் தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் நிறுவப் பெற்றவை. மீனவர் குப்பத்தை நெருங்கும்போது கடலோரத்தில் கூட்டமாக இருந்தது. பெண்கள் செம்புகளில் பால் கொண்டு வந்து அலையில் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பூவைத் தூவினார்கள். அப்போதுதான் தேதி ஞாபகம் வந்தது. 2004-ல் இதே தினத்தில்தான் ஆழிப்பேரலை வந்தது. தமிழ்நாட்டுக் கரையில் மட்டும் சுமார் 8,000 பேர் மாண்டார்கள். எங்கள் கடலூர் ஜில்லாவிலும் கரையோர ஊர்களில் அழுகுரல் கேட்காத தெரு இல்லை. இன்றைக்கும் அந்தத் தினத்தில் மீனவர் கடலுக்குப் போவதில்லை.

என் மனைவி செருப்பைக் கழற்றிவிட்டு அவர்களிடையே போய் நின்றாள். வயது முதிர்ந்த ஓர் அம்மாள் பாலை ஊற்றிவிட்டு வெறுஞ் செம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரை இழந்தாள் என்று என் மனைவி கேட்கவில்லை. சற்று நேரம் கழித்து, "இந்தக் கடலைப் பார்த்தால் பயமாக இல்லையா, அம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

"பயம் இல்லாம இருக்குமா? அதுக்காவ எங்களுக்கு இன்னொரு கடலா இருக்குது?" என்றாள் அந்த அம்மாள். பிறகு ஒரு பையனைக் கூப்பிட்டு, "அலையில் நிக்காதடா, இப்பால வா!" என்று அதட்டினாள்.

மயிலாப்பூர் மாடவீதி வரும் வரையில் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் சேர்ந்துதான் நடந்தோம்.

மாடவீதிகளில் கோலங்களை மிதிக்காமல் நடப்பதற்கே ஒரு பயிற்சி வேண்டும். கபாலீசுவரரைத் தரிசித்துவிட்டு, கால் கடுக்கிறதே என்று ஒரு சபையில் காலைக் கச்சேரிக்குப் போய் உட்கார்ந்தோம். டிசம்பரில் பல சபைகளில் காலைக் கச்சேரிக்குக் கட்டணம் கிடையாது. இந்த டிசம்பர் உற்சவத்துக்கும் தேசிய இயக்கத்துக்கும் உள்ள சம்பந்தம் பலருக்குத் தெரியாது. 1927 டிசம்பரில் சென்னையில் கூடிய காங்கிரஸ் மகாசபையோடு சேர்த்து ஒரு சங்கீத மகாநாடும் நடந்தது. பூரண சுதந்திரமே லட்சியம் என்று தீர்மானம் செய்த மகாசபை அது. அந்தச் சங்கீத மகாநாட்டின் பயனாகவே 1928-ல் சங்கீத வித்வத் சபை பிறந்தது. அன்று போட்ட விதைதான் இன்று மார்கழியில் ஊரெங்கும் பந்தலாகப் படர்ந்திருக்கிறது.

சாயங்காலம் தியாகராய நகர் பாண்டி பஜாருக்கு நடந்து போனோம். அங்கே 2019-ல் சாலையின் இரு புறமும் நடைபாதையை நன்றாக அகலப்படுத்தி, உட்கார இருக்கைகளும் போட்டிருக்கிறார்கள். குழந்தைகள் ஓடுகின்றன, கிழவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், வேலை முடிந்த பெண்கள் நாலைந்து பேராகச் சிரித்துப் பேசிக்கொண்டு போகிறார்கள். எழும்பூரில் கிடைக்காத 1.8 மீட்டர் இங்கே தாராளமாகக் கிடைத்தது. நாங்கள் இருவரும் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குச் சேர்ந்து நடந்தோம். நடுவில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள் என்று எழுதலாம். ஆனால் இந்தப் பத்திரிகையை என் மாணாக்கர்களும் படிப்பார்கள், ஆகையால் எழுதவில்லை.

அங்கே நடந்தபோது அவள் எனக்குச் சொன்ன விஷயங்கள் பல. கல்யாணமான புதிதில் தானும் ஒரு வேலைக்கு மனுப் போட்டதையும், வந்த உத்தரவை என் தாயாரிடம் காட்டத் தயங்கி அரிசிப் பானைக்கு அடியில் வைத்ததையும், அது அங்கேயே இருந்து நாள் கடந்து போனதையும் அன்றுதான் சொன்னாள். ஒரே வீட்டில் 22 வருஷம் இருந்தவர்கள் நாங்கள். அந்தக் காகிதம் எனக்குத் தெரிய 200 கிலோமீட்டர் பிரயாணம் செய்து, மூன்று நாள் நடக்க வேண்டியிருந்தது.

"ஏன் அப்போதே என்னிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"நீங்கள் திரும்பிப் பார்த்தால் சொல்லலாம் என்று இருந்தேன்" என்றாள்.

ஊர் திரும்பியது

27-ஆம் தேதி இரவு கடைசியாக ஒரு தடவை அலுவலக வாசலிலிருந்து விடுதி வாசலுக்கு நடந்தோம். மறுநாள் ரயிலில் அவள் தீர்ப்பைச் சொன்னாள்: "நம் ஊர் மண் சூளையில் வெந்து இந்த ஊருக்கு வந்து, வெயிலிலும் மழையிலும் மின்சாரத்தைத் தாங்கிக்கொண்டு தெருவில் நிற்கிறது. நம் பெண் நிற்க மாட்டாளா? போகட்டும்."

இந்தக் கட்டுரையைப் படிக்கும் தம்பதிகள் யாரேனும் அடுத்த மார்கழியில் இப்படிப் புறப்படுவார்களானால் அவர்களுக்குச் சில வார்த்தைகள். தங்குவதற்குத் திருவல்லிக்கேணியோ மயிலாப்பூரோ நல்லது, கடற்கரை சமீபம். ஒரு நாளைக்கு 10 கிலோமீட்டருக்கு மேல் திட்டம் போட வேண்டாம். புதுச் செருப்பு போட்டுக்கொண்டு போக வேண்டாம். என் குதிகாலைக் கேட்டால் காரணம் சொல்லும். கோட்டை அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. காலை 6 மணி முதல் 10 மணி வரையிலும், மாலை 4 மணிக்கு மேலும் நடந்தால் களைப்புத் தெரியாது. முக்கியமாக, யாருடைய நடை மெதுவோ அவருடைய நடையை இருவருக்கும் நடையாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மாலை வேளைகளில் விருத்தகிரீசுவரர் கோயில் வீதியில் நாங்கள் நடக்கிறோம். மணிமுத்தாற்றுப் பாலம் வரையில் போய் வருகிறோம். சேர்ந்துதான் நடக்கிறோம். ஆற்றில் போட்டதைக் குளத்தில் எடுக்க முடியுமா என்று இனிமேல் என் வகுப்பில் எந்தப் பையனாவது கேட்டால், முடியும் என்று சாட்சி சொல்லத் தயாராக இருக்கிறேன்.

பொங்கல் கழிந்து பெண் சென்னைக்குப் போய்ச் சேர்ந்தாள். தாயார் எழுதிய நோட்டுப் புத்தகம் அவள் பெட்டியில் மேலாக இருந்தது. முதல் நாள் வேலை முடிந்து, இரவு விடுதிக்கு நடந்து போனவள், போன் செய்தாள்.

"அம்மா! நீ குறித்திருந்த மூன்று விளக்கில் ஒன்று எரிகிறது."

"சந்தோஷம்" என்றாள் என் மனைவி. "மற்ற இரண்டுக்கும் நாளைக்கே ஒரு மனு எழுதிக் கொடு. கொடுத்துவிட்டு, அரிசிப் பானைக்கு அடியில் மட்டும் நகலை வைக்காதே."